சொந்த நிலம் இல்லாதவர் மரம் நட்டு என்ன பயன்?

“சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். ஒரு சாண் நிலம்கூடச் சொந்தமில்லை. நான் மரம் நட்டு யாருக்கு என்ன பயன்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குடிவந்த புதிதில், புளோக்குக்குப் பின்னால் புல்தரையில் ஒரு முருங்கைப் போத்தை ஊன்றினேன். மூன்றாம் வாரம் துளிர்த்தது. நான்காம் வாரம் புல் வெட்ட வந்தவர்கள் அதையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பொது இடத்தில் அனுமதி வாங்காமல் நட்டவன் நான்தான். சாம்பாருக்கு முருங்கைக்காய் இன்றும் தேக்கா சந்தையிலிருந்துதான் வருகிறது.

அடுத்த தடவை முறையாகப் போனேன். 2030க்குள் ஒரு மில்லியன் மரங்கள் நடும் இயக்கத்தைத் தேசியப் பூங்காக் கழகம் 2020இல் தொடங்கியது. பதிவு செய்துகொண்டு, ஒரு சனிக்கிழமை காலை மகளுடன் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போனேன். குழி ஏற்கெனவே தோண்டியிருந்தது. மண்ணைத் தள்ளி மூடித் தண்ணீர் ஊற்றுவது மட்டுமே எங்கள் வேலை. ஆர்வத்தில் தண்டைச் சுற்றி மண்ணைக் குவித்துக்கொண்டிருந்த என்னை அங்கிருந்த பணியாளர் தடுத்தார். தண்டின் அடிப்பகுதி புதைந்தால் காற்றோட்டம் இல்லாமல் அழுகிவிடுமாம். நாகை மாவட்டத்து விவசாயி மகனுக்கு அது தெரியாமல் போனது வெட்கம்தான்.

இனி பயன். கரியமில வாயுவைக் கணக்குப் பார்த்து நடாதீர்கள். சென்னைக்கு ஒருமுறை பறந்து திரும்பினால் என் பங்குக்குச் சேரும் கரியை அந்தக் கன்று ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். நிழலுக்காக நடுங்கள். இலைகள் நீராவியை வெளிவிட்டுக் காற்றைக் குளிர்விக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும் இந்த ஊரில் அது அவ்வளவாக எடுபடாது. வெயில் தார்ச்சாலையில் விழாமல் தடுப்பதுதான் பெரிய உதவி. பகலில் சூடேறாத சாலை இரவில் அனலைக் கக்காது.

என் புளோக்கிலிருந்து பஸ் நிறுத்தம் வரை பாதி வழி தூங்குமூஞ்சி மரநிழல், மீதி வெட்டவெளி. மதியம் ஒரு மணிக்கு நிழல் முடிகிற இடத்தில் எல்லோருடைய நடையும் சட்டென்று வேகமெடுக்கும். அந்த மரமும் 1876இல் வெளியிலிருந்து இங்கே வந்து வேரூன்றியதுதான். மாலையில் இலைகளை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் அதற்கு ‘புக்குல் லிமா’, அதாவது ஐந்து மணி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாலையோர நிழல் தானாக வந்துவிடவில்லை. 1963 ஜூன் 16இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸ் என்ற சாலை வட்டத்தில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டுத் தொடங்கிவைத்த வேலை அது.

எனக்கென்று கிடைத்தது வேறு. நடக்கச் சொல்லி மருத்துவர் தலைபாடாக அடித்துக்கொண்டும் அசையாதவன், கன்றைப் பார்க்கும் சாக்கில் மாதம் இருமுறை கடற்கரையோரம் நடக்கிறேன்.

நாங்கள் நட்டது புன்னை. சென்ற ஆண்டு ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அங்கே அழைத்துப்போனேன். வந்த நாள் முதல் “ஒரே கட்டடமாக இருக்கிறதே” என்று அலுத்துக்கொண்டிருந்தவர், ஓர் இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்து, சீப்புப்பல் போல நெருங்கி ஓடும் நரம்புகளை விரலால் தடவினார்.

“இந்த எண்ணெயில்தான் உன் அப்பாயி விளக்கேற்றுவார்” என்றார்.

புன்னை இந்தத் தீவின் கடற்கரைக்கும் சொந்த மரம்தான் என்று எவ்வளவோ சொன்னேன். நம்பவில்லை. நான்தான் நாகப்பட்டினத்திலிருந்து கன்றைக் கொண்டுவந்து நட்டேன் என்று உறவினர்களிடம் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.