15% உலக வரி வந்தபின் வரிவிலக்குக் கேட்பதில் பயனுண்டா?

கேள்வி: வெளிநாட்டு ஆடைக் குழுமம் ஒன்றுடன் கூட்டாக ஏறாவூரில் சாயமிடும் ஆலை தொடங்கவிருக்கிறோம். அவர்களுக்கு 60%, எங்களுக்கு 40%. முதலீட்டுச் சபையிடம் வரிவிலக்குக் கேட்க நினைத்தோம். "15% உலகக் குறைந்தபட்ச வரி வந்துவிட்டது, விலக்கால் பிரயோசனமில்லை" என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதிதான் உண்மை. பெரிய பன்னாட்டுக் குழுமம் ஒரு நாட்டில் 15%க்குக் குறைவாக வரி கட்டினால், குறைவதை மேலதிக வரியாக அறவிடும் விதி இது. முதலில் குழுமத்தின் ஒருங்கிணைந்த கணக்கறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். முந்திய 4 ஆண்டுகளில் குறைந்தது 2 ஆண்டுகளாவது வருமானம் 75 கோடி யூரோவைத் தொட்டிருந்தால்தான் இந்த வரி. தொடவில்லையென்றால் வழமைபோல விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது, தாய்க் கம்பனி எந்த நாட்டில் இருக்கிறது? ஐரோப்பிய ஒன்றியம், பிரித்தானியா, ஜப்பான், தென் கொரியா ஆகியவற்றில் 2024இலும் சிங்கப்பூர், ஹொங்கொங்கில் 2025இலும் இது நடைமுறைக்கு வந்தது. இந்த வரிக்கான 2021 ஒக்டோபர் சர்வதேச இணக்கத்தில் இலங்கை சேரவில்லை என்பது இங்கே காப்பாற்றாது. நாம் விட்ட வரியை 15% வரை தாய்க் கம்பனியின் நாடு எடுத்துக்கொள்ளும். அமெரிக்கத் தாய்க் கம்பனிகளுக்கு மட்டும் 2026 ஜனவரியில் தனி ஏற்பாடு செய்யப்பட்டது.

இனிக் கணக்கு. ஆலையின் ஆண்டு இலாபம் 800 மில்லியன் ரூபா, சம்பளச் செலவு 1,200 மில்லியன், கட்டடம், இயந்திரம் முதலியவற்றின் ஏட்டுப் பெறுமதி 4,000 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். இந்த வரியைக் கணிக்கும்போது 2026க்கு சம்பளத்தில் 9.4%, சொத்தில் 7.4% இலாபத்திலிருந்து கழிக்கலாம். 112.8ஐயும் 296ஐயும் கழித்தால் மிஞ்சுவது 391.2 மில்லியன். முழு விலக்கில் இங்கே வரியே கட்டாவிட்டால், அதில் 15%, அதாவது 58.68 மில்லியன் மேலதிக வரி. விலக்கே இல்லாமல் வழமையான 30% கட்டினால் 240 மில்லியன் போகும். ஆளும் இயந்திரமும் நிறைந்த ஆலைக்கு விலக்கில் இன்னும் பெரும்பகுதி மிஞ்சுகிறது. நாலு கணினியோடு நடக்கும் கம்பனிக்கு, வழமையான வீதம் 30% என்றால், விலக்கில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஆனால் கழிவு ஆண்டுதோறும் குறைந்து 2033இல் இரண்டும் 5% ஆகிவிடும். அப்போது இதே ஆலைக்கு 81 மில்லியன். நிறுவனம் கட்டும் ஊழியர் சேமலாப நிதியும் சம்பளச் செலவில் சேரும், பலர் அதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள்.

ஆலைக்கு மட்டும் தனியாகப் பார்ப்பதும் பிழை. வரி வீதம் நாடுவாரியாகக் கணிக்கப்படும். அதே குழுமத்துக்குக் கட்டுநாயக்கவில் 30% கட்டும் கம்பனி இருந்தால், இரண்டையும் சேர்த்த வீதம் 15%ஐத் தாண்டி, மேலதிக வரியே வராமல் போகலாம்.

நீங்கள் கவனிக்கவேண்டிய இடம் உங்கள் 40%. தாய்க் கம்பனியின் நாடு அறவிட்டால், அதன் பங்கான 60%க்கு, அதாவது சுமார் 35.2 மில்லியனுக்கு மட்டுமே வரி; கட்டுவதும் தாய்க் கம்பனிதான். இலங்கையே உள்நாட்டு மேலதிக வரியாக அறவிட்டால் முழு 58.68 மில்லியனும் பொதுவாக இங்குள்ள கம்பனியின் தலையில் விழும், உங்கள் பங்கிலாபமும் குறையும். நாட்டுக்கு அது நல்லது, பணம் கொழும்பில் நிற்கும். வியட்நாம் 2024 முதல் அப்படித்தான் செய்கிறது. ஆகவே அந்த வரியை யார் சுமப்பது, குழுமத்தின் மற்றைய கம்பனிகளால் வந்த பங்கை யார் ஈடுசெய்வது என்பதைப் பங்குதாரர் ஒப்பந்தத்தில் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

சபையிடம் இலாப வரி விலக்கை மட்டும் கேட்காதீர்கள். இயந்திர இறக்குமதிக்கான சுங்கத் தீர்வை, வற் சலுகைகளை இந்த விதி தொடாது, அவை வருமான வரியே அல்ல. இயந்திரங்களுக்கு விரைவுத் தேய்மானம் (அவற்றின் விலையை முதல் ஆண்டுகளிலேயே கூடுதலாகக் கழிக்கும் சலுகை) கிடைத்தாலும் பெரும்பாலும் பாதகமில்லை. வரி பிற்போடப்படுகிறதே தவிர அழிவதில்லை, பிற்போட்ட வரியும் 15% வீதத்தில் கணக்கில் ஏறும். சாய ஆலைக்கு நீர் விநியோகமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் இதைவிடப் பெறுமதியானவை.

"எதிர்காலத்தில் எந்த வரியும் விதிக்கப்படாது" என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் கேட்கும் வழக்கம் உண்டு. அதை வைத்து உள்நாட்டு மேலதிக வரியை எதிர்த்து வழக்காடினால், அந்தத் தொகை கட்டியதாகவே கணக்கில் வராது. தாய்க் கம்பனியின் நாடு அதையே திரும்பக் கேட்கும்.