ஆய்வகக் கேள்வி – பதில்: விண்ட் டனல், ஸ்ட்ரெய்ன் கேஜ், எபாக்ஸி

எங்கள் கல்லூரி விண்ட் டனலில் நாக்கா 0012 என்ற வடிவ இறக்கையைச் சோதித்தோம். நாண் நீளம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 150 மி.மீ., வேகம் விநாடிக்கு 20 மீட்டர். புத்தகத்தில் 15, 16 டிகிரியில் ஸ்டால் ஆகும் (காற்று பிரிந்து தூக்குவிசை விழும்) என்று போட்டிருக்கிறது. எங்களுக்கு 11 டிகிரியிலேயே ஆகிவிடுகிறது. தூக்குவிசைக் கெழுவும் (காற்றின் அழுத்தத்தாலும் இறக்கைப் பரப்பாலும் வகுத்த தூக்குவிசை) எல்லாக் கோணங்களிலும் குறைவாகவே வருகிறது. பேலன்ஸ் (விசையை அளக்கும் கருவி) பழுதா?
— ஏரோநாட்டிகல் மூன்றாமாண்டு மாணவி, சென்னை

பேலன்ஸைச் சந்தேகிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள்.

முதலில் ஸ்டால். உங்கள் அளவுகளுக்கு ரெனால்ட்ஸ் எண் (வேகம், நாண் நீளம், காற்றின் பாகுநிலை மூன்றையும் சேர்த்த எண்) சுமார் 1.9 லட்சம்தான். புத்தக வரைபடங்கள் பெரும்பாலும் 30 லட்சத்துக்கும் மேலான எண்ணில் எடுத்தவை. 2 லட்சத்தை ஒட்டிய எண்ணில் மேற்பரப்பு எல்லைப் படலம் (பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு) நெடுந்தூரம் சீரோட்டமாகவே போய், பிறகு பிரிந்து, குமிழி போல மீண்டும் ஒட்டிக்கொள்ளும். கோணம் கூடும்போது அந்தக் குமிழி சட்டென்று உடைந்துவிடும். அதனால் 11 டிகிரி நம்பக்கூடிய எண்தான். ஒப்பிட்டுப் பார்க்க அதே ரெனால்ட்ஸ் எண்ணில் எடுத்த தரவு வேண்டும். கிடைக்காவிட்டால் இறக்கை வடிவத்தின் விசைகளைக் கணக்கிடும் எக்ஸ்ஃபாயில் நிரலை ஓட்டுங்கள். எம்.ஐ.டி.யின் மார்க் டிரெலா 1986-இல் எழுதியது, இலவசம். அதில் காற்றுக் கொந்தளிப்பின் அளவைக் குறிக்கும் 'என்-கிரிட்' என்ற எண்ணை வழக்கமான 9-இலேயே விட்டுவிடாதீர்கள். கல்லூரி டனல்களில் காற்றுக் கொந்தளிப்பு அதிகம் இருக்கும். 4 முதல் 8 வரை மாற்றிப் பாருங்கள்.

முன்விளிம்பிலிருந்து 5–10 சதவீத நாண் தூரத்தில், 2–3 மி.மீ. அகலத்துக்கு, உப்புத்தாளில் இருப்பது போன்ற கார்போரண்டம் துகள்களை ஒட்டி ஓட்டத்தைக் கொந்தளிக்க வைக்கலாம். உங்கள் வேகத்துக்குத் துகள் உயரம் 0.4 முதல் 0.5 மி.மீ. வரை வேண்டும். நைஸ் துகள் ஒட்டினால் காற்று அதைக் கண்டுகொள்ளாது. துகள் ஒட்டினால் குமிழி மறையும். ஆனால் இழுவிசை கூடும். 30 லட்சத்து வரைபடமும் வந்துவிடாது.

இனி தூக்குவிசை. வேகத்தை எப்படி எடுக்கிறீர்கள்? விசிறியின் சுழற்சிக்கு இவ்வளவு வேகம் என்று சுவரில் ஒட்டிய அட்டவணையிலிருந்து எடுத்து, காற்றடர்த்தியை கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று போட்டால், பிழை அங்கேதான் புகுகிறது. 1.225 என்பது 15 டிகிரி வெப்பத்துக்கான எண். 32 டிகிரியில் அது 1.16-ஐ ஒட்டித்தான் இருக்கும். இதிலேயே கெழு 5 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். காற்று வேகத்தை அளக்கும் பீட்டோ குழாய் தரும் அழுத்த வேறுபாட்டையே நேராக வைத்து விசையை வகுத்தால் அடர்த்தி என்ற பேச்சே இல்லை. 20 மீட்டர் வேகத்துக்கு அது சுமார் 231 பாஸ்கல், அதாவது 23.6 மி.மீ. நீர்மட்டம். சாய்வு மேனோமீட்டரில் தெளிவாகப் படிக்கலாம்.

அடுத்து, இறக்கை முனைக்கும் டனல் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி. பெரிதாக இருந்தால் கீழ்ப்பரப்புக் காற்று மேலே கசிந்து தூக்குவிசையைத் தின்னும். இல்லவே இல்லையென்றால் இறக்கை சுவரில் உரசி, விசையின் ஒரு பகுதியைச் சுவரே வாங்கிக்கொள்ளும். கண்ணுக்கு இது தெரியாது. முனையிலும் எதிரே சுவரிலும் அலுமினியத் தாள் டேப் ஒட்டி, இரண்டிலிருந்தும் கம்பி இழுத்து மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துவிடுங்கள். காற்று ஓடும்போது பீப் கேட்டால் அந்தக் கோணத்தின் அளவீட்டைத் தூக்கிப் போடுங்கள். 8 டிகிரி வரை அமைதியாக இருந்துவிட்டு 10-இல் கத்துவது சகஜம். விசை கூடும்போதுதானே இறக்கை வளைகிறது.

0012 சமச்சீர் வடிவம் என்பது உங்களுக்குச் சாதகம். மைனஸ் கோணங்களிலும் ஓட்டுங்கள். தூக்குவிசை 0.5 டிகிரியில் பூச்சியமானால், கோண அளவுகோல் தவறாகப் பொருத்தப்பட்டிருக்கிறது அல்லது டனல் காற்றே சாய்ந்து வருகிறது. இறக்கையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி இன்னொரு முறை ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: மாடல் டனலை அடைப்பதால் அதைச் சுற்றிக் காற்று வேகம் கூடி, கெழுவை உயர்த்திக் காட்டும். 600 மி.மீ. உயர டனலில் உங்கள் இறக்கை 15 டிகிரியில் 6.5 சதவீதத்தை அடைக்கிறது. ஆகவே குறைக்கும் பிழையும் கூட்டும் பிழையும் ஒன்றையொன்று மறைத்து, வரைபடம் புத்தகத்தோடு அழகாகப் பொருந்தவும் கூடும். அப்படிப் பொருந்தினால்தான் கவலைப்பட வேண்டும்.

கண்ணாடி இழைக் கலவைத் தகட்டில் 120 ஓம் ஸ்ட்ரெய்ன் கேஜ் (நீட்சியை மின்தடை மாற்றமாகக் காட்டும் மெல்லிய பட்டை) ஒட்டினேன். எடை எதுவும் வைக்காமலேயே எண் ஏறிக்கொண்டே போகிறது. எஃகில் ஒட்டியபோது இந்தத் தொல்லை இல்லை.
— எம்.இ. மாணவர், கோவை

கேஜ் தன் சூட்டில் தானே வேகிறது. பிரிட்ஜுக்கு (நான்கு தடைகளால் ஆன அளவீட்டுச் சுற்றுக்கு) 5 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொரு கேஜுக்கும் 2.5 வோல்ட், 120 ஓமில் அது 52 மில்லிவாட். எஃகு அந்தச் சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும். கண்ணாடி இழைத் தகடு இழுக்காது. 350 ஓம் கேஜுக்கு மாறி, 2 வோல்ட் கொடுங்கள்: 3 மில்லிவாட்டுக்குள் அடங்கிவிடும். சிக்னலும் குறையும்தான், அதற்குத்தான் ஆம்ப்ளிஃபையர்.

மாற்றுவதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். எடை இல்லாமல் 15 நிமிடம் விட்டுப் பாருங்கள். ஒரே திசையில் ஏறி நின்றுவிட்டால் சூடுதான். குதித்துக் குதித்து வந்தால் சால்டரிங்கையோ ஒட்டிய பசையையோ பார்க்க வேண்டும். பென்சில் அழிக்கும் ரப்பரால் கேஜின் மேல் மெல்ல அழுத்தி எடுங்கள். எண் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் அடியில் காற்றுக்குமிழி இருக்கிறது. அதை உரித்துவிட்டுப் புதிது ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

வெப்ப ஈடுகட்டலிலும் ஒரு சங்கதி உண்டு. கடையில் வாங்கும் கேஜ்கள் எஃகுக்கோ அலுமினியத்துக்கோ சரிசெய்யப்பட்டவை. கலவைத் தகடு இழைத் திசையில் ஒரு மாதிரி விரியும், குறுக்கே வேறு மாதிரி. எனவே அதே தகட்டிலிருந்து வெட்டிய துண்டில், அதே இழைத் திசையில் டம்மி கேஜ் (எடை ஏறாத கேஜ்) ஒட்டி, இரண்டு கேஜும் சேர்ந்த அரைப் பிரிட்ஜாக இணையுங்கள். ஒரே கேஜ் உள்ள கால் பிரிட்ஜ்தான் என்றால், வயரின் தடை மாற்றத்தை ஈடுகட்டும் மூன்று வயர் இணைப்பு கட்டாயம். 1000 மைக்ரோஸ்ட்ரெய்னுக்கு (நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்சிக்கு) 120 ஓம் கேஜ் மாறுவதே 0.24 ஓம்தான். இரண்டு வயரின் மொத்தத் தடை 1 ஓம் என்றால், அறை 5 டிகிரி சூடாவதே 80 மைக்ரோஸ்ட்ரெய்ன் பொய்யாகக் காட்டும். மதியம் ஏசியை அணைத்ததும் "தகடு இழுபடுகிறது" என்று எழுதிவைக்க நேரும்.

ஒட்டும் முறை: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். 320-ஆம் நம்பர் தாளால் 45 டிகிரி குறுக்கு மறுக்காக லேசாகத் தேயுங்கள். இழை வெளியே தெரிந்துவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது. காஸ் துணியால் ஒரே திசையில் ஒரே இழுப்பு, பிறகு துணியை மாற்ற வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த அழுக்கை மறுபடி பூசுகிறீர்கள். கேஜை செலோடேப்பில் எடுத்துக் குறியில் பொருத்தி, ஒரு பக்கம் தாழ்வான கோணத்தில் தூக்கி, ஒரே ஒரு சொட்டு சயனோஅக்ரிலேட் பசை விட்டு, படியவைத்துக் கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். விரலின் சூடும் இந்த வேலையில் ஒரு பங்கு. காற்றின் ஈரத்தில்தான் இந்தப் பசை இறுகும். ஈரப்பதம் மிகுந்த நாளில் பரவும் முன்பே இறுகிப் பசை தடித்துவிடும்.

எல்ஒய் 556 எபாக்ஸி ரெசினும் எச்ஒய் 951 ஹார்டனரும் அரைக் கிலோ அளவில் கலந்தோம். கப்பிலேயே புகைந்து கல்லாகிவிட்டது. விகிதம் தப்பா?
— பாலிடெக்னிக் ஆய்வக உதவியாளர், திருச்சி

எடையில் 100-க்கு 10 போட்டிருந்தால் விகிதம் சரி, கப்தான் தப்பு. வினையில் வரும் சூடு ஆழமான கப்பில் வெளியேற வழியில்லாமல் வினையையே விரட்டும். 150 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காமல், கலந்ததை அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். 300-க்கு 300 மி.மீ. தகடு, சதுர மீட்டருக்கு 200 கிராம் துணியில் 8 அடுக்கு என்றால் துணி 144 கிராம். ரெசினும் ஹார்டனரும் சேர்ந்து 175 கிராம் போதும், வீணாவது உட்பட. அதை இரண்டாகப் பிரித்துக் கலக்குங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் தகடு பலவீனமாகும். நைட்ரைல் கையுறை இல்லாமல் ஹார்டனரைத் தொடக் கூடாது. சூடேறிய கப்பைக் குப்பைத் தொட்டியில் போடாமல், வெளியே வெறுந்தரையில் வையுங்கள்.

ஆய்வக ஜே.ஆர்.எஃப். (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ) உதவித்தொகை எவ்வளவு?
— வாசகர், மதுரை

2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000; எஸ்.ஆர்.எஃப். (சீனியர் ரிசர்ச் ஃபெல்லோ) ஆனபின் ரூ. 42,000. வீட்டு வாடகைப் படி தனி. இது மத்திய அரசுத் துறைகளின் விகிதம். சில திட்டப் பணிகளுக்குச் சம்பளம் வேறு. விளம்பரத்தைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

மெழுகுவத்தியின் சூடான காற்றைப் படமெடுக்க ஷ்லீரன் அமைப்பு (காற்றடர்த்தி மாற்றத்தை ஒளி வளைவால் காட்டுவது) பெரிய லேப்பில்தான் முடியுமா?
— பள்ளி இயற்பியல் ஆசிரியர், தஞ்சாவூர்

ஒரு கோளக் குழியாடி போதும். குவியத் தூரம் 1.2 மீட்டர் என்றால் 2.4 மீட்டர் தள்ளி, ஊசித் துளையிட்ட தகரத்துக்குப் பின்னால் எல்.இ.டி. வையுங்கள். ஒளி திரும்பி, துளைக்கு அருகிலேயே புள்ளியாகக் குவியும். அங்கே சவர பிளேடின் விளிம்பால் அந்தப் புள்ளியைப் பாதி மறைத்து, பின்னால் கேமராவை வைத்து ஆடியை ஃபோகஸ் செய்யுங்கள். மெழுகுவத்தி ஆடிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பிளேடை நகர்த்தும்போது படம் ஒரு பக்கமிருந்து நிழல் போல மறைந்தால் பிளேடு குவியப் புள்ளியில் இல்லை; முன்னே பின்னே தள்ளுங்கள். முழுப் படமும் ஒரே சீராக மங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.