அண்ணனின் காப்புரிமைக்கு அமெரிக்காவில் உங்கள் விலாசமா?

தம்பி, குலசேகரத்து அண்ணன் ரப்பர் பால்வெட்டுக் கத்திக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டு, இங்கே பிரதிநிதியாக உங்கள் பெயரைக் கொடுக்கவா என்று கேட்கிறார். சம்மதித்தால் வம்பு வருமா என்கிறீர்கள். வராது. வழக்கு வந்தால் பிரதிவாதி அவர்தான். கோர்ட் காகிதத்தை வாங்கிக்கொள்ள இங்கே ஓர் ஆளும் விலாசமும் வேண்டும், அவ்வளவுதான். காப்புரிமைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்கவும் இல்லை.

ஆனால் புதிதாக வந்தவர்கள் அடிக்கடி வீடு மாறுவார்கள். சிக்கல் அங்கேதான். கொடுத்த விலாசத்தில் ஆள் இல்லையென்றால், யாரையுமே நியமிக்காததற்குச் சமம். கிழக்கு வர்ஜீனியா பெடரல் கோர்ட்டில் வழக்கு நடக்கும். சம்மனைப் பத்திரிகை விளம்பரமாகவே போட்டுவிடலாம். அதைக் குலசேகரத்தில் யார் பார்ப்பது?

காப்புரிமை வைத்திருப்பவர்மேல் யார் வழக்குப் போடுவார் என்று நினைக்காதீர்கள். அதே மாதிரிக் கத்தி விற்கும் கம்பெனி, "இந்தக் காப்புரிமை செல்லாது என்று அறிவியுங்கள்" என்று முந்திக்கொள்ளும். சம்மன் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து பதில் சொல்ல 21 நாள். அண்ணன் வாட்ஸ்அப் பார்த்த நாளிலிருந்து அல்ல. அன்றைக்கே ஸ்கேன் செய்து அனுப்பி, போனிலும் சொல்லிவிட வேண்டும். என்னைக் கேட்டால், விண்ணப்பத்தைக் கையாண்ட அட்டர்னி ஒத்துக்கொண்டால் அவர் விலாசத்தையே கொடுப்பது நல்லது.

நீங்கள்தான் என்று முடிவானால், உங்களை நியமித்துக் காப்புரிமை அலுவலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அண்ணன். காப்புரிமை எண், உங்கள் முழுப் பெயர், கதவு எண்ணோடு விலாசம் இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் கொடுத்துப் பயனில்லை, ஆள் நேரில் வந்து தரும் காகிதம் இது. ஒவ்வொரு காப்புரிமைக்கும் தனித் தாள். வீடு மாறினால் மறுபடியும் தாள். அண்ணனுக்காகக் காப்புரிமை அலுவலகத்தில் வாதாடும் உரிமை இதில் வராது; அதற்குப் பதிவு பெற்ற ஏஜென்ட்டோ அட்டர்னியோ வேண்டும்.

பிரதிநிதி என்பதற்காகப் பராமரிப்புக் கட்டண நினைவூட்டலும் உங்களுக்கு வராது. காப்புரிமை வழங்கிய தேதியிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் கட்ட வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு ஆறு மாதம். அதுவும் தாண்டினால் காலாவதி. இந்தியாவில் வருஷாவருஷம் கட்டிப் பழகியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். யார் வேண்டுமானாலும் கட்டலாம், உங்கள் கார்டே போதும். பெரிய கம்பெனிக்கு உரிமத்தை விடாத தனிநபருக்கு 60 சதவீதம் கழிவு உண்டு.

"பதிவுக் கட்டணம்" கேட்டு அண்ணனுக்கு அரசு முத்திரை மாதிரி போட்ட கடிதங்கள் வரும். ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.