நீட் வேண்டாம், ஆன்டிபாடி ஆராய்ச்சிதான் என்கிறாள் மகள்

வணக்கம் ஐயா. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த மகள் நீட் பக்கமே திரும்பாமல் ஆன்டிபாடி, மாலிக்குலர் பயாலஜி என்று பிடிவாதமாக நிற்கிறாள், இதில் பிழைப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் தாமதமாகத்தான் வரும். உங்கள் வீடு அந்தத் தாமதத்தைத் தாங்குமா என்பதை முதலில் யோசியுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் விற்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் கோடு விழுகிறதே, அது ஆன்டிபாடி செய்யும் வேலை. கிருமி போன்ற அந்நியப் பொருளை அடையாளம் கண்டு அதில் ஒட்டிக்கொள்ள உடல் தயாரிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் டிராஸ்டுசுமாப் ஊசியும் ஆன்டிபாடிதான். ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தவர்கள் சீசர் மில்ஸ்டைனும் ஜார்ஜஸ் கோலரும். கோலர் அப்போது முப்பது வயதுகூட ஆகாத போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்துவிட்டு வந்த இளம் ஆராய்ச்சியாளர். 1984இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முறைக்குக் காப்புரிமை எடுக்காததால் காசு பார்த்தது வேறு ஆட்கள். இந்தத் துறையின் குணம் அதிலேயே தெரிந்துவிடும்.

தினசரி வேலை எப்படி என்றால், ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்க்க வெஸ்டர்ன் பிளாட் என்று ஒரு சோதனை. செல்லிலிருந்து எடுத்த புரதங்களை ஜெல்லில் ஓட்டிப் பிரித்து, மெல்லிய சவ்வுக்கு மாற்றுவார்கள். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைசலில் அதை ஊறவைப்பார்கள். அப்புறம் ஆன்டிபாடியை ஊற்றி, 4 டிகிரி குளிரில் இரவு முழுக்க ஆடவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மறுநாள் பார்த்தால் ஒரு கோடு வர வேண்டிய இடத்தில் ஐந்து இருக்கும், இல்லை ஒன்றுமே இருக்காது. விலை கொடுத்து வாங்கிய ஆன்டிபாடியே சொன்ன புரதத்தை விட்டுவிட்டு வேறெதையோ பிடிப்பது இங்கே தீராத தலைவலி. அந்தப் புரதத்துக்கான ஜீனை நீக்கிய செல்லையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்து, அங்கேயும் அதே கோடு விழுந்தால்தான் குட்டு வெளிப்படும். இதைச் சலிக்காமல் மாதக்கணக்கில் செய்கிறவள் நிலைப்பாள். பிளஸ் டூ மார்க்கை வைத்து இதைக் கணிக்க முடியாது.

சரி, படிப்பு. 'பயோடெக்' என்ற பெயரைப் பார்த்து லட்சக்கணக்கில் கட்டி ஏதோ ஒரு கல்லூரியில் பி.டெக். சேர்க்காதீர்கள். முதலில் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத் தேர்வை எழுதட்டும். கிடைக்காவிட்டால், ஆய்வகம் ஒழுங்காக இருக்கும் கலைக் கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரியோ மைக்ரோபயாலஜியோ போதும். கட்டணமும் குறைவு. பிறகு ஜாம் தேர்வு. ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த (எம்.எஸ்சி.யும் சேர்ந்த) பிஎச்.டி.க்கும் அது வாசல். நடுவில் ஒரு கோடை விடுமுறையாவது அறிவியல் அகாடமிகள் தரும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, நிஜமான லேபில் உட்கார்ந்து பார்க்கட்டும். பிடிக்கிறதா என்பது அங்கே தெரியும்.

சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகையை வாங்கிவிட்டால் மாதம் ரூ.37,000, இரண்டு ஆண்டு கழித்து ரூ.42,000, வாடகைப் படி தனி. பிஎச்.டி. முடிய ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அந்தக் காலத்தில் உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள். வீட்டுக்குப் பெரிதாக அனுப்பவும் முடியாது. வீட்டுக் கடனை அவள் சம்பளத்தை நம்பி வாங்குவதாக இருந்தால், இந்தப் பாதை வேண்டாம் என்றே சொல்வேன்.

எம்.எஸ்சி. முடித்ததும் ஒருமுறை நின்று யோசிக்கலாம். பயோகான், டாக்டர் ரெட்டீஸ், இன்டாஸ் போன்ற நிறுவனங்கள் ஆன்டிபாடி மருந்துகளின் பயோசிமிலர்களை, அதாவது மூல மருந்தை ஒத்த மாற்று மருந்துகளைத் தயாரிக்கின்றன. தரக் கட்டுப்பாடு, உற்பத்திப் பிரிவுகளில் வேலை உண்டு, ஆரம்பச் சம்பளம் சுமார்தான். பிஎச்.டி.தான் என்றால் நிறுவனத்தின் பெயரைவிட கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், முக்கியம். அவரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், நடுவில் விட்டுப் போனவர்கள் உண்டா என்று அங்குள்ள மாணவர்களை டீக்கடையில் வைத்துக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட கல்யாண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிஎச்.டி. நடுவில் வரன் பார்த்தால் தப்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியன்றும்கூட செல்களை வளர்க்கும் கரைசலான மீடியாவை மாற்ற லேபுக்குப் போவாள் என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.