சர்க்கரை நோயுள்ள உம்மா, பால் கொடுக்கும் மனைவி: நோன்பு யாருக்கு விலக்கு?

காயல்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஹஜ்ரத், என் உம்மாவுக்கு 67 வயது. பல வருடமாகச் சர்க்கரை, தினம் இரண்டு வேளை இன்சுலின். சென்ற ரமலானில் அஸருக்குப் (மாலைத் தொழுகைக்குப்) பிறகு இரண்டு தடவை மயங்கி விழுந்து, நோன்பை முறிக்க வேண்டியதாயிற்று. 'உயிர் போனாலும் நோன்போடு போகட்டும்' என்று இந்த முறையும் பிடிக்கப் போகிறார்கள். என் மனைவி ஐந்து மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். நோன்பு வைத்தால் பால் குறைகிறது. மாமியே பிடிக்கும்போது நான் எப்படி விடுவது என்கிறாள். இருவரும் நோன்பை விடலாமா? விட்டால் களாவா (பிறகொரு நாளில் திரும்பப் பிடிப்பதா), ஃபித்யாவா (ஈடாக ஏழைக்கு உணவு கொடுப்பதா)?"

உம்மா நோன்பை விடலாம் என்பது மட்டுமல்ல, விட வேண்டும். உயிருக்கோ உறுப்புக்கோ கடும் சேதம் வரும் என்ற அச்சம் உறுதியாக இருந்தால் நோன்பு பிடிப்பதே கூடாது என்றுதான் ஷாஃபி மத்ஹபின் (சட்டப் பிரிவின்) இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். "உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள்" என்று குர்ஆன் 4:29 சொல்கிறது. இன்சுலின் போடும் ஒருவர் சென்ற வருடம் இரண்டு முறை மயங்கியிருக்கிறார் என்றால் அச்சத்துக்கு வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

ஆனாலும் மருத்துவரைப் பாருங்கள். ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே போவது நல்லது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் அதோடு சேர்ந்து இயங்கும் ரமலான் நீரிழிவு அமைப்பும் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில், நோயாளியின் வயது, மருந்து, சிறுநீரக நிலை, இதற்கு முன் சர்க்கரை இறங்கிய அனுபவம் என்று பலவற்றுக்கும் மதிப்பெண் போட்டு ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள். மதிப்பெண் 6ஐத் தாண்டினால் நோன்பு வேண்டாம் என்பதே அறிவுரை. மருத்துவர் முஸ்லிமாக இருக்க வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. திறமையும் நம்பகமும் உள்ளவரா என்று பாருங்கள், இன்றைய அறிஞர்கள் பலருக்கும் அது போதும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டார் பேச்சுக்காக நோன்பு இல்லை என்று சொல்லிவிட்டு, ரகசியமாக நோன்பிருந்து, இன்சுலினையும் தானாகவே நிறுத்திவிடும் வயதானவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை இறங்குவதும் ஆபத்து, ஏறுவதும் ஆபத்து. நோன்பு வைக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்த நோயாளிகூட, சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ அந்த நிமிடமே நோன்பை முறித்துவிட வேண்டும். மஃரிபுக்கு (நோன்பு திறக்கும் அந்தி நேரத்துக்கு) இன்னும் பத்து நிமிடம்தானே என்று காத்திருக்கக் கூடாது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. இன்சுலின் ஊசியாலும் முறியாது என்பதே இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு.

உம்மாவின் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. சின்ன வயதிலிருந்து நோன்பை விடாதவர்களுக்கு, ஊரே சஹருக்கு (விடியலுக்கு முந்தைய உணவுக்கு) எழும் நேரத்தில் படுத்திருப்பது பெரிய வலி. அவர்களிடம் சட்டம் பேசாதீர்கள். புகாரி தொகுப்பில் உள்ள ஒரு ஹதீஸை (நபிமொழியை) சொல்லுங்கள்: ஓர் அடியார் நோயுற்றாலோ பயணம் போனாலோ, ஆரோக்கியமாக ஊரில் இருந்தபோது செய்துவந்த அமல்களின் (நற்செயல்களின்) கூலி அவருக்கு அப்படியே எழுதப்படும். இத்தனை வருடம் பிடித்த நோன்புதான் இன்று அவர்களுக்காக எழுதப்படுகிறது. நபித்தோழர் அனஸ் (ரலி) முதுமையில் நோன்பு வைக்க இயலாதபோது, நாள்தோறும் ஓர் ஏழைக்கு உணவளித்துவிட்டு நோன்பை விட்டார்கள். அவர்களைவிடப் பேணுதல் உள்ளவர் நம் வீட்டில் யார்?

இனி உம்மா கொடுக்க வேண்டியது. குணமாகும் நம்பிக்கை உள்ள நோயாளிக்குக் களாதான். குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயாளிக்கும் தளர்ந்த முதியவருக்கும் களா இல்லை, ஃபித்யா மட்டும். ஃபித்யாவைச் சொல்லும் குர்ஆன் 2:184 வசனம் நோன்பு இயலாத முதியவர்களுக்கு உரியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கியிருக்கிறார்கள். மருந்தை மாற்றிக் கொடுத்தால் வேறு மாதத்தில் பிடிக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் உம்மாவுக்கும் களாதான். இல்லையென்றால் ஃபித்யா.

ஷாஃபி மத்ஹபில் ஃபித்யா ஒரு நாளைக்கு ஒரு 'முத்து' (தானியம் அளக்கும் பழைய அரபு அளவை), நம் ஊருக்கு அரிசி. முத்தின் எடையை 600 முதல் 750 கிராம் வரை பலவிதமாகச் சொல்கிறார்கள். பேணுதலுக்கு 750 கிராம் என்று வைத்துக்கொண்டால் 30 நோன்புக்கு இருபத்திரண்டரை கிலோ. ஒரு 25 கிலோ மூட்டை வாங்கினால் போதும், முழுவதையும் ஒரே ஏழைக்குக் கொடுத்தாலும் கூடும். ஆனால் ரமலான் தொடங்கும் முன்பே மொத்தமாகக் கொடுத்துவிடக் கூடாது. அந்தந்த நாளுக்கு உரியதை அன்றன்றோ, எல்லாவற்றையும் மாதக் கடைசியிலோ கொடுங்கள். உள்மாவட்டங்களில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்களுக்கு அளவு கூடுதல்: அரை ஸாஉ (இதுவும் ஓர் அரபு அளவை) கோதுமை, ஏறக்குறைய 1.6 கிலோ. அதன் விலையைப் பணமாகவும் கொடுக்கலாம். பின்னால் குணமாகிவிட்டால் களா செய்ய வேண்டும் என்பதும் அவர்கள் மத்ஹப். ஷாஃபியில் ஃபித்யா கொடுத்தபின் குணமானாலும் களா இல்லை என்பதே பலமான கருத்து.

மனைவி விஷயத்துக்கு வருவோம். கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவருக்கும் நோன்பில் சலுகை உண்டு என்பது ஹதீஸிலேயே வந்திருக்கிறது. தன் அனுபவத்தாலோ மருத்துவர் சொல்லியோ பாதிப்பு வரும் என்று தெரிந்தால் விடலாம். பால் குறைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார், அது போதும். ஷாஃபியில் இங்கே ஒரு நுணுக்கம்: தன் உடம்புக்கு அஞ்சி விட்டால், அல்லது தனக்கும் குழந்தைக்கும் சேர்த்து அஞ்சி விட்டால், களா மட்டும். குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டால் களாவோடு நாளுக்கு ஒரு முத்தும் உண்டு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மனைவிக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ஹனஃபியில் இரண்டுக்கும் களா மட்டுமே.

களாவைத் தொடர்ச்சியாகப் பிடிக்க வேண்டியதில்லை. அடுத்த ரமலானுக்குள் முடித்தால் சரி. ஆயிஷா (ரலி) தம் களாவை ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபானில்தான் நிறைவேற்றியிருக்கிறார்கள். காரணமின்றி அடுத்த ரமலானையும் தாண்டவிட்டால் ஷாஃபியில் களாவோடு நாளுக்கு ஒரு முத்து கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதுவரை பால் கொடுத்துக்கொண்டு அதே அச்சத்தில் இருந்தால் அந்தக் கூடுதல் இல்லை.

மற்றவர்களைப் பற்றியும் சுருக்கமாக. பருவமடையாத பிள்ளைகளுக்கும் புத்தி சுவாதீனம் இல்லாதவர்களுக்கும் கடமையே இல்லை. மாதவிடாயிலும் பிரசவ உதிரப்போக்கிலும் நோன்பு கூடாது, பிறகு களா உண்டு. ஏறக்குறைய 80 கிலோமீட்டரோ அதற்கு மேலோ போகும் பயணி விடலாம். ஆனால் பஜ்ருக்கு (நோன்பு தொடங்கும் வைகறைக்கு) முன்பே ஊர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு ரயில் என்றால் அன்றைய நோன்பைப் பயணத்தைக் காட்டி விட முடியாது.

சென்ற வருடம் உம்மா மயங்கி முறித்த அந்த இரண்டு நோன்புக்கு அறுபது நாள் நோன்பு பிடிக்க வேண்டுமோ என்று யாராவது பயமுறுத்தியிருக்கலாம். அந்தக் கஃப்ஃபாரா (பரிகாரம்) நோயால் முறித்தவருக்கு இல்லவே இல்லை. மருத்துவர் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்த இரண்டு நாளுக்கும் இரண்டு முத்து அரிசி, ஒன்றரை கிலோ. அதற்கு ரமலான் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.