கேரம் பலகைக்கு எந்த மரம், எந்தப் பூச்சு? – கேள்வி பதில்

வீட்டிலேயே கேரம் பலகை செய்ய விரும்புவோர் கேட்ட கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாகத் தச்சு வேலை செய்துவரும் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, வீட்டில் பழைய தேக்குப் பலகைகள் கிடக்கின்றன. அவற்றையே ஆடுதளமாக இழைத்துவிடலாமா? வெளிநாட்டில் வட்டுகளைத் தள்ளி ஆடும் நீண்ட ஷஃபிள்போர்டு மேசைகளை முழுமரத்தில்தானே செய்கிறார்கள்?

வேண்டாம் தம்பி. ஷஃபிள்போர்டின் தளம் மேப்பிள் சட்டங்களை நெருக்கி ஒட்டி, பெரும்பாலும் 3 அங்குலக் கனத்தில் அமைவது; அப்படியிருந்தும் பருவத்துக்குப் பருவம் அது வளைவதால், அடியில் இரும்புத் திருகுகளைப் பொருத்தி வளைவைத் திருத்திக்கொள்கிறார்கள். நம் பலகையோ 74 சென்டிமீட்டர் சதுரமான மெல்லிய தளம். சித்திரை வெயிலில் சுருங்கிக் கிடந்த தேக்கு, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குறுக்குவாட்டில் ஒரு நூலுக்கு (அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு) மேலும் விரியக்கூடும்; நான்கு பக்கமும் சட்டம் இறுக்கிப் பிடித்திருப்பதால், விரிய இடமின்றி நடுவில் மேடு எழும்பும். பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இந்த விரிவு மிகவும் குறைவு. மேல்முகம் பிர்ச் மரமாக இருந்தால் நல்லது. அதன் நுண்துளைகள் மிகச் சிறியவை என்பதால் தளம் கண்ணாடிபோல் வழுவழுப்பாகும். போட்டி விதிப்படி 8 மில்லிமீட்டர் கனம் போதுமென்றாலும், 12 மில்லிமீட்டர் வாங்கி, அடியில் குறுக்குச் சட்டங்களும் கொடுங்கள். எட்டுக்கு நான்கு அடித் தாள் ஒன்றில் மூன்று தளங்கள் வரும் என்பதால், அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து வாங்கினால் செலவு குறையும்.

வள்ளியூரிலிருந்து: சுற்றுச் சட்டத்துக்கு ஈட்டி மரம்தான் வேண்டுமா?

கட்டாயமில்லை. சட்டத்துக்குத் தேவை கனமும் கடினமும். அவை இருந்தால்தான் காய் மோதியதும் சுறுசுறுப்பாகத் திரும்பும். நம் குளத்துக் கரைகளில் வளரும் நாட்டுக் கருவேலத்தின் வைரம் (உள்ளிருக்கும் கடினமான பகுதி), வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் தாங்கிய மரம். என் முதல் தேர்வு அதுதான். அடுத்தது வேங்கை. தேக்கு பார்க்க அழகாக இருந்தாலும் மோதலில் எளிதாகப் பள்ளம் விழும். எந்த மரமானாலும் வெளிறு (வைரத்தைச் சுற்றியுள்ள மென்மையான பகுதி) நீக்கி, நன்றாக உலர்ந்த பிறகே அறுக்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: நான் செய்த பலகைக்கு ஆளிவிதை எண்ணெயும் மெழுகும் பூசினேன். போரிக் பவுடர் போட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. என்ன செய்வது?

எண்ணெயும் மெழுகும் நாற்காலிக்கு ஏற்றவை, ஆடுதளத்துக்கு ஏற்றவை அல்ல. உப்புத்தாளால் பழைய பூச்சை முழுவதும் நீக்கி, 180, பிறகு 240 எண் தாள்களால் தேய்த்து, சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) ஒரு கை பூசி, உலர்ந்ததும் 320 எண் தாளால் மெல்லத் தேயுங்கள். கோடுகளையும் வட்டங்களையும் வரைந்த பின்பு, ஒளி ஊடுருவும் லாக்கரை மெல்லிய கைகளாக மூன்று நான்கு முறை பூசுங்கள். மழை நாளில் லாக்கர் பூசினால் காற்றின் ஈரத்தால் பூச்சு வெண்மையாகப் பூத்துவிடும். ஆதலால் வெயிலடிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் நான் ஒரு வாசகசாலைக்குச் செய்த பலகையில் மேற்புறம் மட்டும் பூசி, யார் கண்ணுக்கும் படாத அடிப்புறத்தை அப்படியே விட்டுவிட்டேன். அந்த ஆண்டு மழைக்காலம் முடிவதற்குள் அது தாம்பாளம்போலக் குழிந்துவிட்டது; ஈரத்தை ஒரு முகம் மட்டும் குடித்ததுதான் காரணம். அதன் பிறகு நான் அடிப்புறத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூச்சுக் கொடுக்காமல் எந்தப் பலகையையும் கையைவிட்டு அனுப்பியதில்லை.

தென்காசியிலிருந்து: பலகை சரியாக அமைந்ததா என்று எப்படி அறிவது?

மூலைக்கு மூலை நூல் பிடித்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு பவுடர் தூவி, வலுவாக ஆடும் ஒருவரை முழு விசையுடன் ஸ்ட்ரைக்கரை அடிக்கச் சொல்லுங்கள். அது பலகையை மூன்றரை முறை கடந்தால் தளம் விதிக்கு ஏற்றது.