தரை தொட்டபின் இழுக்கும் செஸ்னா

உங்கள் சிறு விமானம் செஸ்னா 172, பக்கக்காற்றில் நேராக வந்து இறங்கி, சக்கரம் தொட்டதும் ஓடுபாதை ஓரத்துக்கு இழுக்கிறது என்கிறீர்கள். காற்று வரும் பக்கம்தானே? அப்படியானால் தொட்டதும் கையைத் தளர்த்திவிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அப்படித்தான், இறங்கியாச்சு, வேலை முடிந்தது என்ற நினைப்பு!

வாலைக் காற்று தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். அதனால் காற்றுப்பக்கச் சக்கரம் முதலில் தொடட்டும். அப்புறம் வேகம் குறையக் குறைய ஐலரானை (இறக்கை ஓரத்தில் அசையும் தகடு) இயக்கும் கைப்பிடியைக் காற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டே போங்கள், கடைசியில் முழுசாக. நேராக ஓட வைப்பது, வாலின் சுக்கானான ரடரைத் திருப்பும் கால் மிதியின் வேலை.

விமானக் கையேடு பக்கக்காற்றுக்குச் சொல்லும் 15 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் வேகமே ஒரு நாட்), சோதனையில் செய்து காட்டிய அளவு. உங்கள் அளவு அல்ல. 20 நாட் காற்று ஓடுபாதைக்கு 30 டிகிரி கோணத்தில் வந்தால் பக்கக்காற்று 10 நாட். அந்த 10 நாட்டுக்கு மேலே என்றால், இப்போதைக்குப் பயிற்சியாளரோடு மட்டும். ரடரை முழுக்க மிதித்தும் மூக்கு நேராகவில்லையா, இறங்காமல் மேலே ஏறிவிடுங்கள்.